குறிஞ்சி உணாவும் கொல்லிமலையும்

நிலம் வேறுபடின் உணவு வேறுபடும். உணவு வேறுபடின் அதனை ஆக்கும் கருவியும், அதனைக் குறிக்கும் சொல்லும், அதனைப் பகிர்ந்துண்ணும் முறையும் வேறுபடும். இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் நன்குணர்ந்திருந்தனர். ஆதலினன்றோ தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணத் தொடங்கியபோது தெய்வத்தை முதலில் வைத்து, அதற்கு அடுத்த இடத்தை உணாவுக்கு அளித்தார்? விலங்கும் மரமும் புள்ளும் பறையும் தொழிலும் யாழும் அதன் பின்னரே எண்ணப்பெறுகின்றன. ஆயினும் நம் வகுப்பறைகளில் குறிஞ்சித் திணையை விளக்கும்போது, முருகனையும் வேங்கை மரத்தையும் மயிலையும் விரித்துரைக்கும் நாம், உணாவைப் பற்றிக் கூற நேரும்போது, “தினை, ஐவனம், மூங்கிலரிசி” என்று உரையாசிரியர் வழிநின்று மூன்று பெயர்களைச் சொல்லி அமைந்துவிடுகின்றோம். அப்பெயர்களுக்குரிய பொருள்களை மாணவர் கண்டதில்லை. ஆசிரியருள்ளும் பலர் உண்டதில்லை.

இக்குறையைச் சிறிதேனும் நீக்கிக்கொள்ளும் கருத்துடன் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சில நாள் தங்கி, அங்குள்ள மக்கள் விளைப்பனவற்றையும் உண்பனவற்றையும் நேரிற் கண்டும் கேட்டும் அறிந்தவற்றைச் சங்க நூற்செய்திகளுடன் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலில் இலக்கியம் காட்டும் மலை உணவினையும், பின்னர் இன்றைய மலையில் நிகழ்வதனையும், இறுதியில் இவ்விரண்டிற்கும் இடையே நாம் எத்தகைய தொடர்பினைக் கொள்ளலாம் என்பதனையும் முறையே காண்போம்.

மலைபடுகடாம் காட்டும் மலைவழி

மலைநாட்டினூடே செல்லும் ஒருவனுக்கு வழியையும் உணவையும் ஒருங்கே எடுத்துரைக்கும் பழந்தமிழ் நூல் பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம் ஆகும். கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்குண்டு. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன் என்னும் குறுநில மன்னனைப் பாடிய இப்பாட்டு 583 அடிகளைக் கொண்டது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையுடன் எதிர்வரும் கூத்தர் கூட்டத்தை நன்னன்பால் ஆற்றுப்படுத்துவதாக இது அமைந்துள்ளது.

இந்நூலின் வழிகூறும் பகுதியைக் கற்போர் ஒன்றை நோக்குதல் வேண்டும். மலைவழியின் இடர்களைப் புலவர் மறைத்தாரில்லை. பன்றியைப் பிடிக்கப் புனத்தார் அமைத்த பொறிகள், யானையை ஓட்டப் பரண்மேலிருந்து எறியும் கவண்கற்கள், பாம்பு உறையும் குழிகள், வழுக்கும் பாறைகள் ஆகிய அனைத்தையும் எச்சரிக்கையாகக் கூறுகின்றார். அவ்விடர்களைக் கடந்து செல்வோர் ஒவ்வொரு நிலத்திலும் எதனை உண்ணப் பெறுவர் என்பதனையும் உடன் கூறுகின்றார். மலையிலுள்ள சிறுகுடியை அடைந்தால் நெய்யில் வெந்த தசையும் தினைச்சோறும் கிடைக்கும். மேலும் சென்றால் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும், பலாவின் கொட்டையும் புளியும் மோரும் கூட்டிய உலையில் வெந்த மூங்கிலரிசிச் சோறும் கிடைக்கும். காட்டுப்பகுதியில் ஆயர் பால் தருவர். மருத நிலத்தை அணுகியபின் வெண்ணெற்சோறும் மீனும் கிடைக்கும். நிலம் மாறுவதைப் புலவர் உணவின் மாற்றத்தாலேயே உணர்த்திவிடுகின்றார்.

இங்கே ஒரு வினா எழும். பாட்டுடைத் தலைவன் அளிக்கும் பரிசிலன்றோ ஆற்றுப்படையின் பொருள்? வழியிலுள்ள பெயரறியா மக்கள் இடும் சோற்றை இத்துணை விரிவாகக் கூறுவது ஏன்? தலைவனின் நாடு வளமுடையது என்று காட்டுவதற்கே என்பது வழக்கமான விடையாகும். அவ்விடை தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. மலைவழியில் நடப்பவனுக்கு முதல் தேவை பொன் அன்று. அடுத்த ஊரில் தன்னை ஏற்று உணவிடுவார் உளர் என்னும் உறுதியே ஆகும். அவ்வுறுதி இல்லையேல் கூத்தர் மலையேறார். மலையேறாராயின் நன்னனின் புகழும் கீழிறங்காது. ஆகவே, சிறுகுடியிலுள்ளோர் இடும் தினைச்சோறு அரசனின் பரிசிலுக்கு அடிப்படையாக நிற்கின்றது எனலாம்.

ஓரியின் கொடையும் உணவின் வரிசையும்

கொல்லிமலையைப் பற்றிய சங்கப் பாடல்களிலும் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்பதனை அகநானூற்றால் அறிகின்றோம். புறநானூற்றில் வன்பரணர் இயற்றிய பாடலொன்று (152) அவனது வில்லாற்றலைப் புகழ்கின்றது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் ஊடுருவிச் சென்றது என்பது அதன் செய்தி. இந்நிகழ்ச்சியே மாணவர் நெஞ்சில் நிலைத்து நிற்கின்றது. ஆனால் அப்பாட்டின் பிற்பகுதியே நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது.

காட்டில் தன்னைக் கண்டு பாடிய பாணர்க்கு அவ்வேட்டுவன் முதலில் தான் வேட்டையாடிய மானின் நிணத்தை வேவித்துக் கொடுக்கின்றான்; பின்னர்ப் பசுநெய்யை உருக்கினாற் போன்ற மதுவை அளிக்கின்றான்; அதன் பின்னரே தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் வழங்குகின்றான். தன் பெயரைப் புகழ்ந்து கூறக் கேட்டபோது நாணுகின்றான். உணவு முன், பொன் பின் என்னும் இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று. பொன்னை எவ்விடத்தும் கொடுக்கலாம். பசித்தவனுக்கு வழியிடையே சோறிடுவதே மலையில் அரிது. அடுத்த பாடலில் (153) அதே புலவர், ஓரியிடம் பெற்றவற்றால் பசி நீங்கிய பாணர் ஆடலையும் பாடலையும் மறந்தனர் என்று கூறுவதும் ஈண்டு எண்ணத்தக்கது. கலை பசியினின்று பிறந்தது என்னும் கசப்பான உண்மையைப் புலவர் நகையோடு கூறியவாறு இது.

நான்கு பொருள்களும் நான்கு காலங்களும்

பறம்புமலையைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல் (109) மலை உணவின் இயல்பை அறிதற்கு மிகவும் துணைபுரிவது. மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே பறம்பு நான்கு பொருள்களைத் தரும் என்று கபிலர் கூறுகின்றார். அவை மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன. இது வெறும் வளப் பட்டியல் அன்று. முற்றுகைக்கு உட்பட்ட மலை பட்டினியால் பணியாது என்பதற்குக் காட்டப்பெற்ற கணக்காகும்.

இந்நான்கின் இயற்கையை நோக்குமிடத்து அக்கணக்கின் நுட்பம் விளங்கும். பலா வேனிலில் பழுப்பது; பழம் தீர்ந்தாலும் கொட்டை எஞ்சும். வள்ளி மண்ணுக்குள் இருப்பது. வேண்டும்போது அகழ்ந்து கொள்ளலாம். தேன் பூக்கும் பருவத்தைச் சார்ந்தது. ஆயினும் நெடுநாள் கெடாது. மூங்கிலோ பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூத்து, நெல்லைச் சொரிந்து, தானும் மடிவது. ஆண்டுதோறும் கிட்டும் உணவாக அதனைக் கருதுதல் பொருந்தாது. ஒரு தலைமுறைக்கு ஓரிரு முறை வந்து நிறையும் அருவளம் அது. ஆகவே ஓராண்டின் பருவங்கட்கு மட்டுமன்றி, ஒரு வாழ்நாளின் பருவங்கட்கும் உரிய உணவினைக் கபிலர் எண்ணினார் எனக் கொள்ளலாம். இந்நால்வகையும் உழாது விளைவன. புனத்தை வெட்டிச் சுட்டு விதைக்கும் தினையோ மலைமக்களின் உழைப்பால் விளைவது. இவ்விரு வகையும் சேர்ந்ததே குறிஞ்சி உணா.

இன்றைய கொல்லிமலை

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த கொல்லிமலை ஏறத்தாழ 280 சதுரக் கிலோமீட்டர் பரப்பும், 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமும் உடையது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை மேலேறிச் செல்கின்றது. மேலே ஏறியபின் கூரிய சிகரங்களைக் காட்டிலும், அலையலையாக அமைந்த மேட்டு நிலங்களும் அவற்றிடையே படிப்படியாக வெட்டப்பெற்ற வயல்களுமே கண்ணுக்குப் புலனாகின்றன. ஊர்த்தொகுதிகள் இன்றும் நாடு என்றே வழங்கப்பெறுகின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு முதலியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

வளப்பூர் நாட்டைச் சார்ந்த பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. இது தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றாகும். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகத்தால் இவ்விறைவன் பெயர் தமிழுலகெங்கும் பரவிற்று. கோயிலின் அருகிலிருந்து ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஐயாறு அருவியாக வீழும் ஆகாய கங்கையைக் காணலாம். சங்கப் புலவர் பலர் பாடிய கொல்லிப்பாவையை இம்மக்கள் எட்டுக்கை அம்மனாகக் கருதி வழிபடுகின்றனர். ஆடிப் பதினெட்டாம் பெருக்கினையொட்டி வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கின்றது; செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த அவனது சிலையும் நிறுவப்பெற்றுள்ளது.

இங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் அல்லது மலையில் வாழ்பவர் என்பதே இச்சொல்லின் பொருள். கேரள நாட்டு மலையாள மொழிக்கும் இவர்க்கும் தொடர்பில்லை. இவர்தம் தாய்மொழி தமிழே.

சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் மலைவாழையும் குவிந்து கிடக்கின்றன. மிளகும் காப்பியும் விலைக்கு வருகின்றன. இவற்றுள் அன்னாசியும் காப்பியும் பிற்காலத்து வரவுகள். அருவிக்குச் செல்லும் வழியில் முடவாட்டுக்கால் கிழங்கினை விற்போரைக் காணலாம். பாறையிலும் மரத்திலும் படரும் பெரணிவகை ஒன்றின் தண்டு இது. மேலே மயிர் போன்ற செதில் மூடி, பார்வைக்கு ஆட்டின் கால்போல் இருத்தலால் இப்பெயர் பெற்றது. தோலைச் சீவி, நசுக்கி, மிளகும் சீரகமும் இட்டுக் கொதிக்கவைத்துச் சாறாக அருந்துகின்றனர். மூட்டுவலிக்கு நல்லது என்பது அம்மக்களின் நம்பிக்கை. மலையேறி இறங்கும் கால்களுக்குரிய மருந்தினைக் காலின் வடிவில் கண்ட மக்களின் கற்பனை வியக்கத்தக்கது.

ஆயினும் செம்மேட்டுச் சாலையோரக் கடைகளில் கிடைப்பவை சமவெளியின் உணவுகளே. பரோட்டாவும் அரிசிச் சோறும் அங்கும் உண்டு. மலை உணவினைக் காண விழைவோர் உள்ளூர்களில் வீடுகளுக்கே செல்லுதல் வேண்டும். அங்கே கேழ்வரகுக் களியும் கூழும், சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும், கொல்லையிற் பறித்த கீரையும் உண்ணப் பெறலாம். சாமைச்சோறு நெற்சோற்றைப் போல் மணிமணியாகப் பிரிந்து நில்லாது, சற்றுக் குழைந்து, நெடுநேரம் பசி தாங்கும் இயல்புடையது. தினையை மாவாக்கித் தேனுடன் பிசைந்து உண்பதும் உண்டு. முருகனுக்கும் அதுவே படையல்.

பெயர்ப் பெருக்கம் உணர்த்தும் உண்மை

உணவைக் காட்டிலும் மொழிநூலார் கருத்தைக் கவர்வது அவ்வுணவுத் தானியங்களின் பெயர்களேயாம். சமவெளியில் வாழும் நமக்குச் சாமை ஒரு சாமையே. கொல்லிமலை உழவர்க்கோ அது பல. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியசாமை, திரிகுலாசாமை என வெவ்வேறு பெயர் பெற்றவை வெவ்வேறு விதைகள். விரைவில் விளைவன, நீண்ட நாள் கொள்வன, கல்லாங்கரட்டில் முளைப்பன, நல்ல மண்ணை வேண்டுவன என இவற்றின் இயல்புகள் வேறுபடும். தினையிலும் செந்தினை, பெருந்தினை எனப் பல வகைகள் உள. (பெருந்தினை வேறு, அகத்திணையியல் கூறும் பெருந்திணை வேறு என்பதனை மாணவர்க்கு நினைவூட்டல் நன்று, ஓர் எழுத்துப் பிழை உணவை ஒழுக்கக்கேடாக்கிவிடும்.) கேழ்வரகும் இவ்வாறே பல பெயர் பெற்றுள்ளது.

இப்பெயர்ப் பெருக்கத்தினைச் சங்க இலக்கியச் சொற்பெருக்கத்துடன் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். பழந்தமிழில் தினையைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே உண்டு. விளையும் இடம் புனம், பயிரும் கதிரும் ஏனல், தானியம் இறடி, கதிர் கொய்தபின் எஞ்சி நிற்கும் தாள் இருவி, காவல் செய்யும் பரண் இதணம். கிளிகளை ஓட்டும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என்பவற்றைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் கூறுகின்றார். இச்சொற்கள் யாவும் பயிரின் நிலைகளையும் அதனைச் சார்ந்த தொழில்களையும் வேறுபடுத்திக் காட்டுவன. புலவர்க்கு வேண்டியது காலம். ஏனல் காவல் என்றால் தலைவி புனத்தில் இருக்கின்றாள், களவு நிகழலாம். இருவி என்றால் காவல் முடிந்தது, தலைவி இற்செறிக்கப்பட்டாள். உழவர்க்கு வேண்டியது விதை. எந்தச் சரிவில், எந்த மழையில், எதனை விதைத்தால் சோறு கிட்டும் என்பதே அவர் கவலை. முன்னதன் சொற்கள் ஏட்டில் நிலைத்தன. பின்னதன் சொற்கள் விதைத்த கையிலும் விளைந்த மண்ணிலும் மட்டுமே நிற்கின்றன.

ஆகவே ஒரு விதை விதைக்கப்படாமற் போகுமாயின் அதனுடன் ஒரு சொல்லும் மறையும். கட்டவெட்டிச்சாமை இல்லாத மலையில் அப்பெயரைக் குழந்தைக்குக் கற்பிக்க யாதொரு தேவையும் இராது. ஏட்டுச் சொல்லை அகராதியில் தேடலாம். வழக்குச் சொல்லை, வழங்குவோர் இல்லாத பின், எங்குத் தேடுவது?

உரலும் உலக்கையும்

தினையும் சாமையும் ஏன் குறைந்தன என்னும் வினாவுக்கு, “நாகரிகம் பரவியதால் மக்கள் பழமையை மறந்தனர்” என்று எளிதாக விடை கூறுவாருளர். அவ்விடை உண்மையை முழுதும் உணர்ந்ததன்று. இச்சிறுதானியங்களின் உமி மிகக் கடினமானது. மணியோ மிகச் சிறியது. நாழிகைக் கணக்கில் உரலிலிட்டுக் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தினாலன்றி ஒரு வேளைச் சோற்றுக்கு வேண்டும் அரிசி கிட்டாது. இவ்வுழைப்பு முழுவதும் பெண்டிர் மேலதாக இருந்தது. காட்டு வேலை முடித்து, விறகும் நீரும் சுமந்து மீண்ட பின்னரே உலக்கையைக் கையிலெடுத்தல் வேண்டும்.

கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் ஒரு காட்சி உண்டு. தலைவியும் தோழியும் யானைக் கோட்டினையும் சந்தன மரத்தினையும் உலக்கையாகக் கொண்டு, பாறையுரலில் ஐவன நெல்லைப் பெய்து குற்றி, வள்ளைப்பாட்டுப் பாடுகின்றனர். அப்பாட்டின் இனிமையில் ஈடுபடும் நாம், உலக்கைப்பாட்டு ஏன் தோன்றியது என்று எண்ணுவதில்லை. பாட்டு, வேலையின் அழகினால் பிறந்ததன்று. வேலையின் சுமையைத் தாங்குதற்குப் பிறந்தது. இருவர் மாறிமாறிக் குற்றும்போது தாளம் தவறின் கை நோகும். தாளத்தைக் காப்பது பாட்டு. இவ்வுண்மையை ஏட்டில் உணர்வதினும் உரலருகில் நின்று உணர்தல் எளிது. மலையில் ஒரு முதியவரிடம் தினை சமைப்பதுண்டோ என வினவியபோது, விருப்பம் உண்டு, ஆனால் உலக்கை பிடிக்கத் தம் கைக்கு இனி வலிமையில்லை, மருமகள்மீது அச்சுமையை ஏற்றவும் மனமில்லை என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். பழமை போயிற்றே என்று வருந்துவோர் இவ்விடையைச் செவிமடுத்தல் வேண்டும்.

மரவள்ளியும் அரிசியும்

இரண்டாவது காரணம் பொருளியல் சார்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சேலம் வட்டாரத்தில் தோன்றி வளர்ந்த சவ்வரிசித் தொழில் மரவள்ளிக் கிழங்கிற்குப் பெருந்தேவையை உண்டாக்கிற்று. மலையில் சாலைகள் பெருகியபின் அத்தேவை கொல்லிமலையையும் எட்டியது. மரவள்ளி பணப்பயிர், பிடுங்கினால் உடனே காசாகும். தினையும் சாமையும் வீட்டுப்பயிர்கள். விளைந்தால் வயிறு நிறையும், கை நிறையாது. பிள்ளைகளின் படிப்பிற்கும் மருத்துவத்திற்கும் காசு வேண்டிய குடும்பம் மரவள்ளியை நாடியதில் வியப்பொன்றுமில்லை.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சியும் பொருந்தும். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். தமிழர் அதற்குப் பெயரிட்டபோது தம் மலைக்குரிய வள்ளியின் பெயரையே எடுத்து, கொடியாகப் படராமல் மரம்போல் நிமிர்ந்து நிற்றலின், மரம் என்னும் அடையினைச் சேர்த்தனர். கபிலர் எண்ணிய நான்கனுள் ஒன்றின் பெயரைத் தாங்கி வந்த அயற்பயிர், இன்று அம்மலைச் சரிவுகளில் தினையின் இடத்தைக் கைக்கொண்டுள்ளது. சொல் பழையதாக நிற்க, பொருள் மாறிவிடுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

மூன்றாவது காரணம் நெல்லரிசி எளிதிற் கிடைத்தல். நியாயவிலைக் கடைகளின் வாயிலாக மலையூர்களுக்கும் அரிசி செல்கின்றது; 2011-ஆம் ஆண்டு முதல் அது விலையின்றியே வழங்கப்பெறுகின்றது. பஞ்சத்தை அஞ்சிய மக்களுக்கு இது பெரும்பேறு. இதனைக் குறைகூறல் அறமன்று. முன்னாளில் மலைமக்களுக்கு நெற்சோறு விழாநாள் உணவு. சாமையும் கேழ்வரகும் அன்றாட உணவு. இன்று அம்முறை தலைகீழாக மாறிவிட்டது. சாமைப்பொங்கல் விழாவுக்கும் விருந்தினர்க்கும் உரியதாகி, அரிசி நாளும் உண்பதாயிற்று.

இச்சரிவினை உணர்ந்து, 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணியைத் தொடங்கியது. உள்ளூர் விதைகளைத் தொகுத்து விதை வங்கிகளில் காத்ததோடு, உமி நீக்கும் பொறிகளையும் ஊர்களில் அமைக்கத் துணைபுரிந்தது. விதையை மட்டும் காத்து உலக்கையை மறந்திருந்தால் அப்பணி பயன்தந்திராது. பெண்டிரின் கைவலியைத் தீர்த்தாலன்றித் தினை மீண்டும் அடுப்பேறாது என்பதனை உணர்ந்தமையே அம்முயற்சியின் சிறப்பாகும். பின்னர் ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டினைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரங்களில் தினைக்கும் சாமைக்கும் மதிப்பு உயர்ந்துள்ளது. ஏழையின் உணவு என்று ஒதுக்கப்பட்டது செல்வர் விரும்பும் பண்டமாயிற்று. ஆனால் நகர அங்காடியில் அது வெறும் சாமையாகவே விற்கப்படுகின்றது; கட்டவெட்டி, மல்லியம் என்னும் பெயர்கள் மலையைவிட்டு இறங்குவதில்லை.

ஒப்பிடுவோர் கொள்ள வேண்டிய எச்சரிக்கை

இலக்கியத்தையும் இன்றைய வாழ்வையும் ஒப்பிடுங்கால் ஆராய்ச்சியாளர் ஒரு தடுமாற்றத்திற்கு ஆளாதல் கூடும். இன்றைய மலையாளிப் பழங்குடியினரே சங்ககாலக் குறவரின் நேர் வழித்தோன்றல்கள் என்று முடிவு கட்டுதல் அது. அதற்குச் சான்றில்லை. தம் முன்னோர் காஞ்சிப் பகுதியிலிருந்து வந்த உடன்பிறந்தார் என்றும், அவர்கள் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை முதலியவற்றில் குடியேறினர் என்றும் இம்மக்களே மரபுவழிச் செய்தி கூறுகின்றனர். இதன் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், தம்மை மலைக்கு வந்தவராகவே இவர்கள் கருதுகின்றனர் என்பது தெளிவு.

அவ்வாறாயின் நம் ஒப்பீடு பயனற்றதோ எனின், அன்று. சமவெளியினின்று வந்தவராயினும் மலையில் நிலைத்தபின் அவர்கள் மலையின் உணவையே விளைத்தனர். பள்ளத்தில் நெல்லும், சரிவில் தினையும் சாமையும் விதைத்தனர், கிழங்கு அகழ்ந்தனர், தேன் எடுத்தனர். அவர்களை மலைமக்களாக்கியது குருதியன்று, நிலமே. தொல்காப்பியர் உணாவினை இனத்திற்கு உரியதாகக் கூறாமல் நிலத்திற்கு உரியதாகக் கூறிய கருத்து இதனால் வலியுறுகின்றது. மேலும், உரையாசிரியர் வரிசையில் கண்ட ஐவனமும் மூங்கிலரிசியும் இன்று பின்தங்க, அவ்வரிசையில் நாம் காணாத சாமையும் கேழ்வரகும் முன்னிற்கின்றன. ஆகவே குறிஞ்சி உணா என்பது என்றும் மாறாப் பட்டியலன்று; மலைச்சரிவும் மழையும் மனித உழைப்பும் கூடி அவ்வக்காலத்தில் அமைத்துக்கொள்ளும் ஓர் ஒழுங்கு என்று கொள்ளுதலே பொருத்தமுடையது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சங்கப் பாடல்களில் மலை உணவு அழகு கருதி வந்த வருணனை அன்று; வழிநடப்போரின் வாழ்வையும், முற்றுகையைத் தாங்கும் மலையின் ஆற்றலையும், கொடையின் வரிசையையும் விளக்கும் சான்றாகும். கொல்லிமலையின் இன்றைய உணவு வாழ்க்கை அப்பாடல்களின் அப்படியே எச்சம் அன்று. ஆயினும் அவற்றைப் படிப்பதற்கு வேண்டிய அறிவினைத் தருவது. அங்கே தினையும் சாமையும் குறைந்ததற்குக் காரணம் மக்களின் மறதியன்று. பெண்டிரின் உழைப்புச்சுமையும் பொருள் தேவையும் எளிதிற் கிட்டும் அரிசியுமே ஆகும்.

இனித் தமிழ்த்துறைகளின் கடமை யாது? விதைகளைக் காப்பதற்கு வேளாண் அறிஞர் உளர். விதைகளின் பெயர்களையும், விதைத்தல், களையெடுத்தல், கொய்தல், குற்றுதல், சமைத்தல் ஆகிய தொழிற்சொற்களையும் தொகுப்பது நம் பணியேயாம். பழங்குடி மக்களிடை நாட்டுப்பாடல் தொகுக்கச் செல்லும் மாணவர், பாட்டுடன் அடுப்படிச் சொற்களையும் எழுதி வருவாராக. எந்தப் பெயர் எந்த ஊரில் எந்த விதைக்கு வழங்குகின்றது என்பதனை, இயலுமிடத்து ஒரு பிடி விதையுடன் சேர்த்தே குறித்து வைத்தல் வேண்டும். அத்தொகுப்பினை உழவர்க்கும் திருப்பி அளித்தல் வேண்டும். ஏனெனில் அச்சொற்கள் அவர்தம் உடைமை. மலைமேல் விதைப்போர் இருக்கும்போதே இப்பணி நிகழ்தல் நன்று. ஏனலையும் இருவியையும் நமக்குக் காத்துத் தந்தவை ஓலைச்சுவடிகள். வெள்ளப்பெருஞ்சாமைக்கு அத்தகைய சுவடி இன்னும் எழுதப்பெறவில்லை.